உங்கள் ஜாப் ஏன் இன்னும் வரிசையிலேயே நிற்கிறது?

ஓர் ஆராய்ச்சி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. புரதம் ஒன்றின் மூலக்கூறு இயக்கத்தை குரோமாக்ஸ் மென்பொருளில் ஓட்டுவதற்காக, பல்கலைக்கழகத்தின் பொதுக் கிளஸ்டரில், அதாவது பல கணினிகளை ஒன்றாக இணைத்த தொகுப்பில், ஒரு ஜாபை (ஓட்ட வேண்டிய வேலையை) சமர்ப்பித்திருக்கிறார். அவர் கேட்டது நான்கு நோடு (தொகுப்பிலுள்ள தனிக் கணினி), நோடுக்கு 48 கோர் (கணக்கிடும் அலகு), 96 மணி நேரம். மூன்று நாளாகியும் அது தொடங்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த சிலருடைய ஜாப்கள் ஓடி முடிந்தே போய்விட்டன. இதே அளவில் முன்பு ஓட்டியவை 19 மணி நேரத்தில் முடிந்தன என்றும், பாதியில் வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அனுமதிக்கப்பட்ட உச்ச நேரத்தையே எழுதியதாகவும் சொல்கிறார். "வரிசை என்றால் முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதானே? யாருக்காவது சலுகை காட்டுகிறார்களா? நான் என்ன செய்ய வேண்டும்?"

சலுகை எதுவும் இல்லை. உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது, பெரும்பாலும், நீங்களே எழுதிய 96 என்ற எண். கிளஸ்டர் பயனர்களுக்கு உதவும் வேலையில் இருக்கும் நான் மிக அதிகமாகப் பார்க்கும் சிக்கல் இதுதான். இதன் காரணம் ஒருமுறை புரிந்துவிட்டால் உங்கள் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாப்களை நோடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஷெட்யூலருக்கு உங்கள் புரதத்தைப் பற்றி எதுவும் தெரியாது. குரோமாக்ஸ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. ஜாபை விவரிக்கும் ஸ்கிரிப்டின் தலையில் நீங்கள் எழுதிய சில எண்கள் மட்டுமே அதற்குத் தெரியும்: எத்தனை நோடு, எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம். அந்த எண்களை அது அப்படியே நம்பித் திட்டம் போடுகிறது. வழக்கமாக 19 மணி நேரத்தில் முடிந்துவிடும் ஜாப்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குத் தெரிய வழியே இல்லை.

உங்கள் கிளஸ்டரில் இருப்பது ஸ்லர்ம் என்ற ஷெட்யூலர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவாகி, இன்று உலகின் மிகப் பெரிய கணினிகள் பலவற்றை நடத்தும் கட்டற்ற மென்பொருள் அது. 2015இல் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் இயக்கம் தொடங்கப்பட்ட பிறகு நம் நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு வந்த பரம் வரிசைக் கணினிகளிலும் இதுதான். 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் திறக்கப்பட்ட 838 டெராஃப்ளாப் திறன் கொண்ட பரம் பொருளும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. சில இடங்களில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பிறந்த பிபிஎஸ் குடும்பத்து மென்பொருள்கள் இருக்கும். கட்டளைகளின் பெயர் அங்கே மாறும். நான் சொல்லப்போகும் கணக்கு பெரும்பாலும் மாறாது.

இப்போது கணக்குக்கு வருவோம். பத்து நோடு கொண்ட ஒரு சிறு கிளஸ்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி. ஆறு நோடுகளில் ஒரு ஜாப் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நேர வரம்பு காலை 6 மணிக்கு முடிகிறது. வரிசையில் முதலில் நிற்பது பத்து நோடுகளையும் கேட்கும் ஒரு பெரிய ஜாப். நான்கு நோடுகள் சும்மா கிடந்தாலும் அதைத் தொடங்க முடியாது. பத்தும் சேர்ந்து கிடைத்தாக வேண்டும். ஆகவே ஸ்லர்ம் அதற்குக் காலை 6 மணியைக் குறித்து வைக்கிறது. மிஞ்சியிருப்பது நான்கு நோடு, பத்து மணி நேரம் என்ற ஓர் இடைவெளி.

அந்த இடைவெளியை வீணாக்க மனமில்லாமல் ஸ்லர்ம் வரிசையில் மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டு போகிறது. அடுத்து நிற்பது உங்களுடையது: நான்கு நோடு, 96 மணி நேரம். நோடு எண்ணிக்கை பொருந்துகிறது, நேரம் பொருந்தவில்லை. இப்போது தொடங்கவிட்டால் காலை 6 மணிக்குப் பெரிய ஜாபின் வழியை மறிக்கும். எனவே உங்களைத் தாண்டிப் போகிறது. அதற்கடுத்து யாரோ ஒருவரின் ஒரு நோடு, மூன்று மணி நேர ஜாப். அது உடனே தொடங்கிவிடுகிறது. அதனால் பெரிய ஜாபுக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. உங்களுக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கப்போவதே இல்லை. கல்யாண மண்டபத்துக்காரர் செய்வதும் இதுதான். நாளை காலை முகூர்த்தத்துக்கு மண்டபம் முழுவதும் பேசப்பட்டிருந்தாலும், இன்று மூன்று மணிக்குள் காலி செய்துவிடுவோம் என்று வரும் வளைகாப்புக்காரர்களுக்குத் தயங்காமல் சாவியைக் கொடுப்பார். எப்போது கிளம்புவோம் என்று சொல்லாதவர்களுக்குக் கொடுக்க மாட்டார்.

இதற்கு பேக்ஃபில் என்று பெயர். சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், 128 நோடு கொண்ட ஐபிஎம் கணினி ஒன்றுக்காக இந்த முறையை உருவாக்கியதை டேவிட் லிஃப்கா 1995இல் எழுதினார். அதற்கு முன்பு, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற நியாயமான விதியை அப்படியே பின்பற்றினால், பெரிய ஜாப் ஒன்று காத்து நிற்கும் நேரமெல்லாம் பாதிக் கணினி சும்மா கிடந்தது. இன்று ஏறக்குறைய எல்லா ஷெட்யூலர்களிலும் இது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஸ்லர்மில் நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை இந்தத் தேடல் நடக்கும். அதாவது மூன்று நாளில் ஆயிரக்கணக்கான தடவை உங்கள் ஜாபை அது எடுத்துப் பார்த்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் 96 மணி நேரம் என்ற அகலம் எந்த இடைவெளியிலும் நுழையவில்லை.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நீங்கள் 24 மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் நுழைந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான நோடுகளும் பல அளவு ஜாப்களும் உள்ள உண்மையான கிளஸ்டரில், 24 மணி நேர இடைவெளிகள் அவ்வப்போது பிறந்துகொண்டே இருக்கும். 8 மணி நேர இடைவெளிகள் அதைவிட அதிகம். நான்கு நோடு சேர்ந்தாற்போல் 96 மணி நேரம் யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருப்பதுதான் மிக அரிது.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். பராமரிப்புக்காகக் கிளஸ்டரை நிறுத்தப் போகிறார்கள் என்றால் நிர்வாகிகள் அந்த நேரத்தை ஸ்லர்மில் முன்பதிவு செய்துவைப்பார்கள். வியாழக்கிழமை காலை நிறுத்தம் என்றால், திங்கள்கிழமையே எல்லா நோடும் காலியாக இருந்தாலும் 96 மணி நேர ஜாப் தொடங்காது, ஏனென்றால் அது வியாழனைத் தாண்டிவிடும். நிறுத்தத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் கிளஸ்டர் காலியாகத் தெரிவதும், "எல்லாம் சும்மா கிடக்கிறது, என் ஜாப் மட்டும் ஓடவில்லை" என்று மின்னஞ்சல்கள் குவிவதும் இதனால்தான். சின்ன ஜாப் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு நாள் பொற்காலம்.

உச்ச நேரத்தை எழுதியதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நேர வரம்பு முடிந்தால் ஸ்லர்ம் கேள்வி கேட்காமல் ஜாபைக் கொன்றுவிடும். முடிந்துகொள் என்று முதலில் ஒரு சிக்னல் அனுப்பும். வழக்கமான அமைப்பில் 30 விநாடி பொறுத்துவிட்டு வெட்டிவிடும். பல நாள் கணக்கு அப்படிப் போவதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை பயந்து கூடுதலாகக் கேட்பது இயல்பே. ஆனால் அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து, வெட்டுப்பட்டாலும் எதையும் இழக்காதபடி ஜாபை அமைப்பது. குரோமாக்ஸ் பயன்படுத்தும் உங்களுக்கு அது கையருகிலேயே இருக்கிறது.

குரோமாக்ஸ் தானாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் கோப்பு எழுதுகிறது. அந்தக் கோப்பைக் கொடுத்து மீண்டும் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து போகும். 'மேக்ஸ்எச்' என்ற விருப்பத்தில் எத்தனை மணி நேரம் என்று கொடுத்தால், அந்த நேரத்தின் 99 சதவீதம் கழிந்ததும் ஒழுங்காக செக்பாயின்ட் எழுதிவிட்டுத் தானே நின்றுகொள்ளும். ஆகவே நேர வரம்பு 8 மணி என்று எழுதி, மேக்ஸ்எச்சுக்கு 7.8 கொடுங்கள், 19 மணி நேர வேலை மூன்று துண்டாக முடிந்துவிடும். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் நீங்களே விழித்திருந்து அடுத்ததைச் சமர்ப்பிக்க வேண்டியதில்லை. டிபெண்டன்சி என்ற விருப்பத்துக்கு 'சிங்கிள்டன்' என்று கொடுத்து, ஒரே பெயரில் மூன்று ஜாப்களை ஒன்றாகச் சமர்ப்பித்துவிட்டால், உங்களுடைய அதே பெயர் கொண்ட முந்தைய ஜாப் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். ஜாப் எண்களைக் குறித்துவைத்து ஒன்றோடொன்று கோக்கும் சிரமம் இதில் இல்லை.

இன்னும் ஒரு விருப்பம் இருக்கிறது. இவ்வளவு பயனுள்ள ஒன்றை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். நேர வரம்பைச் சொல்லும் 'டைம்' வரியோடு 'டைம்-மின்' என்ற வரியையும் சேர்க்கலாம். 24 மணி நேரம் கொடுத்தால் நல்லது, குறைந்தது 6 மணி நேரம் கிடைத்தாலும் போதும் என்று ஸ்லர்மிடம் சொல்வது போன்றது அது. பேக்ஃபில் தேடலின்போது 9 மணி நேர இடைவெளி ஒன்று தென்பட்டால், உங்கள் வரம்பை அதற்கேற்பச் சுருக்கி உள்ளே விட்டுவிடும். செக்பாயின்ட் எழுதத் தெரிந்த எந்த மென்பொருளுக்கும் இது பொருந்தும். இப்படிச் செய்யும்போது எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று முன்பே தெரியாது என்பதால் மேக்ஸ்எச்சை நம்ப முடியாது. அதற்குப் பதிலாக 'சிக்னல்' வரியில், வரம்பு முடிய 300 விநாடி இருக்கும்போது, முடிந்துகொள் என்று சொல்லும் டெர்ம் சிக்னலை அனுப்பு என்று எழுதிவிடுங்கள். குரோமாக்ஸை, ஒதுக்கிய நோடுகளில் நிரலை ஓட்டும் எஸ்ரன் கட்டளை மூலம் தொடங்கியிருந்தால் அந்தச் சிக்னல் அதைப் போய்ச் சேரும். உடனே செக்பாயின்ட் எழுதிவிட்டு நிற்கும்.

எவ்வளவு நேரம் கேட்பது என்பதை ஊகிக்காதீர்கள். எஸ்அக்ட் கட்டளையில் உங்கள் பழைய ஜாப்களின் உண்மையான ஓட்ட நேரம் பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கேளுங்கள். நோடு வேகம், கோப்பு முறைமையின் நெரிசல் ஆகியவற்றால் வரும் ஏற்ற இறக்கத்துக்கு அது பெரும்பாலும் போதும். பழக்கமில்லாத புதுக் கணக்கு என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு சோதனை ஓட்டம் விடுங்கள். குரோமாக்ஸ் தன் பதிவுக் கோப்பின் முடிவில் ஒரு நாளைக்கு எத்தனை நானோவிநாடி ஓடுகிறது என்று எழுதுகிறது; மொத்தம் வேண்டியதை அதனால் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

நேரத்தை எழுதும் முறையில் ஒரு பொறி உண்டு, கவனியுங்கள். டைம் வரியில் வெறுமனே 24 என்று எழுதினால் ஸ்லர்ம் அதை 24 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 2:30 என்பது இரண்டரை மணி நேரம் அல்ல, இரண்டரை நிமிடம். மணி, நிமிடம், விநாடி மூன்றையும் 24:00:00 என்று முழுதாக எழுதுங்கள். நாள் கணக்கு என்றால் 1-00:00:00. பிபிஎஸ்ஸிலிருந்து வருபவர்களும் புதியவர்களும் ஒருசேர இதில் விழுகிறார்கள்.

அடுத்து நான்கு நோடு. உங்களுக்கு உண்மையில் நான்கு நோடு வேண்டுமா? ஜீன் ஆம்டால் 1967இல் சுட்டிக்காட்டிய விஷயம் இன்றும் அசையாமல் நிற்கிறது: ஒரு நிரலில் இணையாக ஓட முடியாத பகுதி 5 சதவீதம் இருந்தால், எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. மூலக்கூறு இயக்கத்தில் இதோடு நோடுகளுக்கிடையே தகவல் பரிமாறும் நேரமும் சேர்கிறது. சிறிய புரதத்தை நிறைய கோர்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு கோருக்கும் சில நூறு அணுக்கள்தான் வரும். கணக்கிடும் நேரத்தைவிடப் பேசும் நேரம் அதிகமாகிவிடும். ஒரே உள்ளீட்டை ஒரு நோடு, இரண்டு நோடு, நான்கு நோடு என்று பத்துப் பத்து நிமிடம் ஓட்டி, நாளுக்கு எத்தனை நானோவிநாடி என்ற எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டு நோடில் வரும் வேகம் ஒரு நோடில் வருவதைவிட 1.8 மடங்கு என்றால் நல்லது. நான்கில் 2.1 மடங்குதான் என்றால், நான்கு நோடு கேட்பதில் பொருளில்லை. அப்போது இரண்டு நோடில் ஓட்டினால் முடிய நேரம் சற்றுக் கூடும். ஆனால் காத்திருப்பு குறையும். சமர்ப்பித்த நொடியிலிருந்து முடிவு கையில் கிடைக்கும் வரை ஆகும் மொத்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். பலர் ஓடும் நேரத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

நினைவகத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. முழு நோடுகளை எடுக்கும்போது பெரும்பாலும் சிக்கல் இல்லை. பகுப்பாய்வுக்காக ஒரு கோர், இரண்டு கோர் ஜாப்கள் ஓட்டும்போதுதான் இது முக்கியமாகிறது. 192 ஜிபி உள்ள நோடில் ஒரே ஒரு கோர் கேட்டு, நினைவகத்துக்கு 180 ஜிபி எழுதிவிட்டால், மிச்சமிருக்கும் 47 கோர்களும் பிறருக்குப் பயனில்லாமல் போகும். பங்கீட்டுக் கணக்கில் நினைவகத்துக்கும் எடை கொடுக்கும் கிளஸ்டர்களில் அந்த முழு நோடும் உங்கள் பெயரில் ஏறிவிடும். 'மெம்' வரியில் அலகு எழுதாமல் வெறும் எண் கொடுத்தால் அது மெகாபைட். 0 என்று கொடுத்தால் அந்த நோடின் நினைவகம் முழுவதும். முடிந்த ஜாபின் எண்ணை செஃப் கட்டளைக்குக் கொடுங்கள். கேட்டதில் எத்தனை சதவீதம் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிடும். எஸ்அக்ட் காட்டும் உச்ச நினைவக அளவு, வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவீடு என்பதால், கண நேரம் எகிறி இறங்கும் உச்சம் அதில் தப்பிவிடலாம். எனவே அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டே கேளுங்கள்.

இதுவரை சொன்னது இடைவெளியில் நுழைவது பற்றி. வரிசையில் உங்கள் இடம் எது என்பதைத் தீர்மானிப்பது வேறு கணக்கு. அதில் காத்திருந்த காலமும் உண்டு. ஆனால் அது பல காரணிகளில் ஒன்றுதான். பெரும்பாலான பல்கலைக்கழகக் கிளஸ்டர்களில் அதிக எடை பெறுவது ஃபேர்ஷேர், அதாவது சமீப காலத்தில் உங்கள் கணக்கில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பது. அதிகம் பயன்படுத்தியவர் கீழே இறங்குவார். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தவர் மேலே ஏறுவார். பழைய செலவு மெல்ல மறக்கப்படும். ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் ஏழு நாளில் பாதியாகும். உங்கள் கணக்கு பெரும்பாலும் உங்கள் நெறியாளரின் ஆய்வுக் குழுக் கணக்கின் கீழ் இருக்கும். சக மாணவர் ஒருவர் போன வாரம் இருநூறு ஜாப் ஓட்டியிருந்தால், நீங்கள் ஒன்றுகூட ஓட்டாவிட்டாலும் அது உங்கள் இடத்தைக் கீழே தள்ளலாம். இது சதி அல்ல, குழுக்களுக்கிடையே சமமாகப் பங்கிடும் ஏற்பாடு. குழுவுக்குள் யார் எப்போது பெரிதாக ஓட்டப்போகிறார்கள் என்று பேசிவைத்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. எஸ்ஷேர் கட்டளை குழுவின் நிலையையும், எஸ்பிரையோ கட்டளை உங்கள் ஜாபின் முன்னுரிமை எந்தெந்தக் காரணியிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதையும் காட்டும்.

செலவுக் கணக்கு, நீங்கள் ஒதுக்கிவைத்த வளங்களை உண்மையில் ஓடிய நேரத்தால் பெருக்கி வருவது. ஆகவே 96 மணி நேரம் கேட்டு 19 மணியில் முடித்தால் 19க்குத்தான் கணக்கு. அந்த மிகை உங்களுக்குக் காத்திருப்பாக மட்டுமே திரும்பி வருகிறது. ஆனால் நான்கு நோடு எடுத்து இரண்டு நோடு அளவுக்கே பயன்பெற்றால், நான்குக்கும் செலவு எழுதப்படும். அடுத்த வாரம் உங்கள் முழுக் குழுவும் அதற்கு விலை கொடுக்கும்.

ஸ்கிரிப்ட் எழுதுவதில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் அதைத் திருத்தப்போகிறீர்கள். நோடு, நேரம் முதலியவற்றைக் கேட்கும் எஸ்பேட்ச் வரிகள் எல்லாம் ஸ்கிரிப்டின் தலையில், முதல் கட்டளைக்கு முன்பே வந்துவிட வேண்டும். இடையில், மென்பொருளை ஏற்றும் ஒரு மாட்யூல் லோடு வரி புகுந்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள எஸ்பேட்ச் வரிகளை ஸ்லர்ம் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். வெளியீட்டுக் கோப்புக்கு ஒரு கோப்புறையைக் குறிப்பிட்டால் அதை முன்பே உருவாக்கிவையுங்கள். இல்லாவிட்டால் காரணம் எங்கும் எழுதப்படாமலே ஜாப் விழுந்துவிடும். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டை, வரி முடிவுக் குறியீடு மாறியிருக்கிறது என்று, ஜாபைச் சமர்ப்பிக்கும் எஸ்பேட்ச் கட்டளை ஏற்க மறுக்கும். அந்தக் குறியீட்டை மாற்றிவிட்டால் ஏற்றுக்கொள்ளும்.

சமர்ப்பிக்கும் நொடியில் ஸ்லர்ம் உங்கள் ஸ்கிரிப்டை நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்தக் கோப்பைத் திருத்தினாலும் வரிசையில் நிற்கும் ஜாப் மாறாது. ஆனால் ஸ்கிரிப்ட் அழைக்கும் உள்ளீட்டுக் கோப்புகள் நகலெடுக்கப்படுவதில்லை. ஜாப் தொடங்கும்போது அவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே படிக்கப்படும். மூன்று நாள் காத்திருக்கும் இடைவேளையில் அதே உள்ளீட்டை வேறொரு சோதனைக்காகத் திருத்திவிட்டால், நீங்கள் நினைத்த கணக்குக்குப் பதிலாக வேறொன்று ஓடி, பார்வைக்கு ஒழுங்கான முடிவுகளையும் தந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிக் கோப்புறை வைத்து, சமர்ப்பித்த பின் அதைத் தொடாமல் இருங்கள்.

கோர்களைக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'என்டாஸ்க்ஸ்' என்பது, எம்பிஐ மூலம் செய்தி பரிமாறிக்கொண்டு தனித்தனியாக ஓடும் செயல்முறைகளின் எண்ணிக்கை. 'சிபியூஸ்-பெர்-டாஸ்க்' என்பது ஒவ்வொரு செயல்முறைக்குள்ளும் இணையாக ஓடும் இழைகளுக்கான, அதாவது திரெட்களுக்கான, கோர்கள். 48 திரெட் கொண்ட ஒற்றை நிரலுக்கு என்டாஸ்க்ஸ் 48 என்று கேட்டால், கோர்கள் பல நோடுகளில் சிதறிக் கிடைக்கலாம். நிரலோ ஒரு நோடில் கிடைத்ததை மட்டும் வைத்துத் திணறும். ஸ்லர்மின் 22.05 பதிப்பிலிருந்து, எஸ்பேட்ச் வரியில் எழுதிய சிபியூஸ்-பெர்-டாஸ்க் எண்ணை எஸ்ரன் தானாக எடுத்துக்கொள்வதில்லை. எஸ்ரனுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்கிரிப்ட் புதிய கிளஸ்டரில் திடீரென்று பல மடங்கு மெதுவானால் முதலில் இங்கே பாருங்கள்.

ஓட்டம் முடிந்த பின் நூற்றுக்கணக்கான பகுப்பாய்வுகள் செய்ய வேண்டியிருந்தால், ஒரு லூப்பில் போட்டு எஸ்பேட்சை நூறு முறை அழைக்காதீர்கள். 'அரே' வரி ஒன்றில் 1-100%10 என்று எழுதினால், நூறு துண்டுகள் ஒரே ஜாபாகச் சமர்ப்பிக்கப்பட்டு, ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் போகாமல் ஓடும். நீங்கள் உள்நுழையும் லாகின் நோடில் இவற்றை ஓட்டவே வேண்டாம். அங்கே எல்லோரும் கோப்புகளைத் திருத்திக்கொண்டும் ஜாப்களைச் சமர்ப்பித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஒருவர் ஓட்டும் கணக்கு அத்தனை பேரின் கையையும் கட்டிப்போடும்.

இனி, இப்போது வரிசையில் நிற்கும் ஜாபுக்கு என்ன செய்வது? ரத்து செய்துவிட்டுப் புதிதாகச் சமர்ப்பிக்காதீர்கள். மூன்று நாள் காத்திருந்ததற்கான முன்னுரிமைப் புள்ளிகள் போய்விடும். முதலில், வரிசையைக் காட்டும் எஸ்க்யூ கட்டளையில் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் காரணத்தைப் படியுங்கள். 'பிரையாரிட்டி' என்றால் உங்களுக்கு மேலே வேறு ஜாப்கள் நிற்கின்றன. 'ரிசோர்சஸ்' என்றால் உங்கள் முறை வந்துவிட்டது, இடம் காலியாவதற்காகக் காத்திருக்கிறீர்கள். 'க்யூஓஎஸ்' அல்லது 'அசோக்' என்று தொடங்கும் காரணம் இருந்தால் உங்களுக்கோ குழுவுக்கோ விதித்த உச்சவரம்பை எட்டியிருக்கிறீர்கள். அதற்குக் காத்திருப்பதைவிட நிர்வாகியைக் கேட்பதுதான் வழி. எஸ்க்யூவோடு 'ஸ்டார்ட்' விருப்பத்தைச் சேர்த்தால் எப்போது தொடங்கக்கூடும் என்ற மதிப்பீடும் வரும். பிறருடைய ஜாப்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே முடிவதால் அது முன்னே நகரும். புதிய பெரிய ஜாப்கள் வந்தால் பின்னேயும் போகும்.

காரணம் பிரையாரிட்டி அல்லது ரிசோர்சஸ் என்றிருந்தால், எஸ்கன்ட்ரோல் அப்டேட் கட்டளையில் உங்கள் ஜாப் எண்ணையும், 'டைம்லிமிட்' என்பதற்கு 24:00:00 என்றும் கொடுங்கள். நேர வரம்பைக் கூட்ட நிர்வாகியால்தான் முடியும். குறைத்துக்கொள்ளும் உரிமை பயனருக்கு உண்டு. ஜாப் எண்ணும், காத்திருந்த காலமும் அப்படியே இருக்கும். அடுத்த தேடலிலேயே ஸ்லர்ம் உங்களை 24 மணி நேர ஜாபாகப் பார்க்கத் தொடங்கிவிடும். முன்பு 19 மணி நேரத்தில் முடிந்தது என்பதால் 24 போதுமானது. ஒருவேளை போதாமல் போனாலும் செக்பாயின்ட் கோப்பிலிருந்து தொடரலாம்.

நாளை காலைக்குள் தொடங்காவிட்டால், எஸ்க்யூ காட்டும் காரணத்தையும் எஸ்பிரையோவின் வெளியீட்டையும் இங்கே ஒட்டுங்கள். உங்கள் கிளஸ்டரில் எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். அதற்கேற்ப அடுத்த வழியைப் பார்க்கலாம்.